சவச்சாலை வாசலில் சொன்ன சொல்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருக்கும் என்னிடம் மரணம் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் வருகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செத்தவீடு, எட்டுச்செலவு, கீரிமலை என்று ஒரு மாதம் போய்விடும். ஆனால் முக்கியமான வாக்குமூலம் அதற்கு முன்பே பதிவாகியிருக்கும்.

கண்டி வீதி விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண் தமையனோடு வந்தார். திடீர் மரண விசாரணையில், “எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை” என்று தமையன் கையெழுத்திட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“பிரேதத்தைக் கெதியா எடுக்க வேணும் எண்டு எல்லாரும் சொன்னவை மிஸ்.”

அந்த ஒரு சொல்லால் உரிமை போய்விடாது. ஆனாலும் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் தூக்கிக் காட்டும். சந்தேகம் உண்டு, இல்லை என்று முடிவு சொல்ல வேண்டாம். லொறி எந்தப் பக்கத்தால் வந்தது, சிகிச்சை எப்போது தொடங்கியது என்று கண்டதைச் சொன்னால் போதும்.

சாவு அநியாயமானது என்று மனம் சொல்வதால் மட்டும் நட்டஈட்டு வழக்கு நிற்காது. ஒருவர் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாமல் விட்டாரா? அதனால்தான் உயிர் போனதா? வைத்தியசாலை வழக்குகள் இரண்டாவது கேள்வியில்தான் அடிக்கடி இடறுகின்றன. இறந்துபோன குழந்தையின் தகப்பன் குழந்தை வைத்தியர் பிரியானி சொய்சா மீது போட்ட வழக்கில் 2001 இல் உயர் நீதிமன்றம், நோயைக் கண்டறியாதது கவனயீனம் என்று ஏற்றது. ஆனால் குழந்தை அதனால்தான் இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை மறுத்துவிட்டது.

பெற்றோருக்கு அப்போது இன்னொரு தடையும் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வந்த எங்கள் ரோமன் டச்சுச் சட்டம் இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களின் பண இழப்பைத்தான் கணக்கெடுத்தது. உழைக்காத பிள்ளைக்கு என்ன கணக்குக் காட்டுவது? 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்க முடிகிறது. எவ்வளவோ முன்னரே வந்திருக்க வேண்டிய சட்டம் அது.

நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும் குற்ற வழக்கில் சாரதி விடுபட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை. அங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நட்டஈட்டு வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றத்திலோ, எது நடந்திருக்கக் கூடும் என்பதில் தராசு எங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். ஆனால் வழக்குப் போடப் பொதுவாக 2 ஆண்டுகள்தான் இருக்கின்றன. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்காது.

சரி, வருமானத்தை எப்படிக் காட்டுவது? கணவர் மேசன், சம்பளத் துண்டு கிடையாது. கூட வேலை செய்தவர்கள் வந்து நாட்கூலியைச் சொல்லலாம் என்றேன். தமையன் அங்கேயே இரண்டு பேரின் பெயரை எழுதித் தந்தார்.