அரைப் பக்கம் விடச் சொன்ன ரீச்சர்

எங்கள் சரித்திர ரீச்சர் போய்விட்டா என்ற செய்தி ஒரு சனிக்கிழமை காலை பழைய மாணவர் சங்கக் கனடாக் கிளையின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. பத்து நிமிடத்துக்குள் நாற்பது கும்பிடு கைகள். மத்தியானம் யாரோ ஒரு பிறந்தநாள் கேக்கைப் போட, கதை அந்தப் பக்கம் போய்விட்டது. சங்க மலர்க்குழு அவவைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டபோது, அவவின் கண்டிப்பு, வெள்ளைச் சேலை, குடை என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவ அதை வாசித்திருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, "பிள்ளை, இதில ஆண்டு எங்கை? ஆர் கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டிருப்பா. ஆகவே அவ படிப்பித்ததையே எழுதுகிறேன்.

1974 உயர்தர வகுப்பு, மேல்மாடிக் கடைசி அறை, மூன்றாம் பாடம். இருந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஆட்சி செய்த பெண்களைப் பற்றி எழுதும்போது ரீச்சர் சில சொற்களைத் தடை செய்திருந்தா. வீரமங்கை, தியாகச் சுடர், இரும்புப் பெண்மணி எதுவும் கொப்பியில் வரக்கூடாது. வரவேண்டியவை வேறு. அந்தக் கதிரை முதலில் யாருடையது? அவவை அதில் இருத்தினது யார்? இருந்த காலத்தில் எதில் கையெழுத்து வைத்தா? எப்படி இறங்கினா? இந்த நான்கும் இல்லாமல் எழுதிய கட்டுரைக்கு, எழுத்து எவ்வளவு வடிவாக இருந்தாலும், பத்துக்கு மூன்றுதான்.

லீலாவதியில்தான் தொடங்குவா. பொலன்னறுவையில் மூன்று தரம் அரியணை ஏறியவ: 1197, 1209, 1211. மகா பராக்கிரமபாகுவின் அரசி. முதல் தரம் இருத்தியது கித்தி என்ற சேனாதிபதி. மூன்று வருடம் நீடித்தது. இரண்டாம் தரம் வேறொரு படைத்தலைவனின் தயவில் ஒரு வருடம். மூன்றாம் தரம் ஏழு மாதம்தான். 1212இல் பாண்டி நாட்டிலிருந்து படையோடு வந்த பராக்கிரம பாண்டியன் இறக்கிவிட்டான். இடையில் 1202 முதல் 1208 வரை நிசங்க மல்லனின் அரசி கல்யாணவதி. அவவுக்குப் பின்னாலும் ஒரு சேனாதிபதி.

லீலாவதியின் செப்புக் காசைக் கரும்பலகையில் பெரிதாகக் கீறுவா. ஒரு பக்கம் நிற்கிற உருவம். மறுபக்கம் அமர்ந்திருக்கிற உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜ லீலாவதி". அந்த "ராஜ"வின் கீழே சோக்கால் இரண்டு கோடு. ராணி என்று இல்லை. "காசு அடிச்சவனுக்கு அச்சு மாத்தப் பஞ்சி எண்டு நினையாதேங்கோ. பதவியின்ரை பேர் ராஜ. அதிலை ஆர் இருந்தாலும் பேர் அதுதான்." பிறகு கேட்பா: காசில் பெயர் லீலாவதி, படைக்குச் சம்பளம் கொடுத்தது யார்? வகுப்பு முழித்துக்கொண்டிருக்கும்.

அனுலாவைக் கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுவா. கிமு 47 முதல் 42 வரை அநுராதபுரம், அடுத்தடுத்துக் கணவர்மாருக்கு நஞ்சு, அதில் செத்தவர்களில் வடுகன் என்ற தமிழனும் நீலியன் என்ற பிராமணனும். எழுதி வைத்தவர்கள் பிக்குகள், அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ என்பாவே தவிர, அதற்குள் இறங்கமாட்டா.

1931க்கு வந்தவுடன் கதிரைக் கேள்வி சூடு பிடிக்கும். பிரித்தானிய ஆட்சிக் காலத்து டொனமூர் யாப்பு 21 வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. அப்போதைய சட்டசபையான அரசாங்க சபைக்குப் போன முதல் பெண் அடலின் மொலமுரே; தகப்பன் மீதெனிய இறந்ததால் ருவன்வெல்லையில் வந்த இடைத்தேர்தல். இரண்டாவது பெண் 1932இல் கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து. அங்கே கணவரின் தெரிவு செல்லாது என்று ஆனதால் இடைத்தேர்தல். ஒன்று தகப்பனின் கதிரை, ஒன்று கணவனின் கதிரை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் அந்த உரிமையைக் கையில் எடுக்க 1934 ஆயிற்று. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் தேர்தல் பகிஷ்கரிப்பால் குடாநாட்டின் நான்கு இடங்களும் அதுவரை காலியாகவே கிடந்தன. பகிஷ்கரிப்பை முடிவு செய்த கூட்டங்களில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று ரீச்சர் கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் தேடவில்லை.

பிறகு சிறிமாவோ பண்டாரநாயக்க. அந்த வருடம் அவதான் பிரதமர். கொப்பியில் ஒன்றரைப் பக்கம் எழுதி, கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னா ரீச்சர். "இறங்கினது எப்பிடி எண்ட கேள்விக்கு இப்ப விடை இல்லை. அவ இன்னும் கதிரையிலை இருக்கிறா. பிறகு நீங்களே எழுதிக்கொள்ளுங்கோ."

தவணைச் சோதனையில் ஒரு வரி வந்தது: "1960 யூலைத் தேர்தலில் அத்தனகல்ல தொகுதியில் அமோக வெற்றியீட்டி உலகின் முதல் பெண் நாட்டுத் தலைவரானார்." எழுதியவள் யாரென்று அந்த வருடத்து வகுப்புக்குத் தெரியும், மலரில் பெயர் வேண்டாம். ரீச்சர் அதை வகுப்புக்கு வாசித்தா. "அத்தனகல்லையிலை அவவுக்கு எத்தினை வாக்கு?" சத்தமில்லை. மணி அடிக்கும்வரை எழுந்து நிற்க வைத்தா. அடுத்த நாள் முழுப் பாடமும் அந்த ஒரு வரியிலேயே போனது.

அதில் பிழை இரண்டு. முதலாவது, அவ அந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. 1959 செப்ரெம்பர் 25 ரொஸ்மீட் பிளேஸ் வீட்டில், பிரதமராக இருந்த கணவர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். அடுத்த நாள் இறந்தார். 1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சிறிலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. டட்லி சேனநாயக்கவின் அரசு ஏப்ரலில் சிம்மாசனப் பிரசங்க (அரசின் கொள்கை உரை) வாக்கெடுப்பில் விழுந்தது. யூலை 20 மறுதேர்தலுக்குச் சிறிமாவோ கட்சித் தலைவியானா. கூட்டங்களில் கணவரின் பேச்சை ஒலிநாடாவில் போட்டுக் கேட்க வைத்தா. 151 இடங்களில் கட்சிக்கு 75. மறுநாள் யூலை 21 பிரதமர்.

ஆசனமே இல்லாமல் எப்படி? அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பில் ஒரு வழி இருந்தது. இரு சபைகளில் ஒன்றிலும் இல்லாத ஒருவர் நான்கு மாதம்வரை அமைச்சராக இருக்கலாம், அதற்குள் ஏதாவது ஒன்றில் உறுப்பினராகவேண்டும். செனட் சபையில் 30 பேர். பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்யும், பாதிப் பேரைப் பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமிப்பார். ஓகஸ்ட் முதல் வாரம் நியமனம் கிடைத்து அவ செனட்டர். வாக்குச் சீட்டில் பெயரே வராமல் உலகின் முதல் பெண் பிரதமர்.

அந்தக் குறுக்கு வழிக்கு ஒரு விலை இருந்தது. ரீச்சருக்குப் பிடித்த இடம் இதுதான், சோக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்லுவா. செனட்டருக்குப் பிரதிநிதிகள் சபையில் வாக்கு இல்லை. 1964இல் லேக் ஹவுஸ் பத்திரிகைகளை அரசு எடுக்கும் மசோதாவில் கட்சிக்குள் உடைவு. 1960 மார்ச்சில் இதே கட்சியைத் தேர்தலுக்கு நடத்திப் போன சி. பி. டி சில்வா, 13 பேரையும் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். டிசெம்பர் 3, சிம்மாசனப் பிரசங்கம், 74க்கு 73. ஒரு வாக்கால் அரசு விழுந்தது. அந்த அரசின் பிரதமருக்கு அந்தச் சபையில் கை தூக்க உரிமை இல்லை. 1965 தேர்தலில்தான் அத்தனகல்லையில் நின்றா, வென்றா. "ஆகவே இந்தப் பிள்ளை அஞ்சு வரியம் முந்தி எழுதிப்போட்டுது, அவ்வளவுதான்" என்று முடித்தா ரீச்சர். அது மன்னிப்பா, நக்கலா என்று இன்னும் விளங்கவில்லை.

இரண்டாவது பிழை "நாட்டுத் தலைவர்". பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். நாட்டின் தலைவரும் அப்போது ஒரு பெண்தான், ஆனால் லண்டனில் இருந்தா. இரண்டாம் எலிசபெத் இலங்கைக்கும் ராணி. அவவின் முடிசூட்டு விழா உடுப்பில் ஆட்சிக்குட்பட்ட ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பூ வேலைப்பாடு, இலங்கைக்குத் தாமரை. 1954 ஏப்ரலில் கொழும்பில் பாராளுமன்றத்தைத் தொடக்கி வைக்க அதையே உடுத்திக்கொண்டு வந்தா. ஏப்ரல் மாதக் கொழும்பு வெக்கையில் அந்தப் பட்டும் கல்லும் என்ன பாடு படுத்தியிருக்கும்! அந்தக் கதிரையை 1972 மே 22 குடியரசு யாப்பால் இல்லாமல் செய்தது சிறிமாவோவின் அரசு. (முடியில்லாமல் ஒரு நாட்டுக்குத் தலைவியான பெண் 1940இலேயே இருந்தா, மங்கோலியாவுக்கு வடக்கே துவா என்ற சின்னக் குடியரசில், கெர்தெக் அஞ்சிமா என்று. இதை நான் இங்கே வந்தபின்தான் அறிந்தேன். ரீச்சருக்கு எழுதவேண்டும் என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன்.)

கையெழுத்துக் கேள்விக்கு இரண்டு நிரல். கடைக் கணக்குப் போல வரவு, செலவு. செலவுப் பக்கத்துக்கு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. 1961 யனவரி 1 முதல் சிங்களத்தில் நிர்வாகம். பெப்ரவரி 20 யாழ் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம், தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில். 1964 ஒக்ரோபர் 30 இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம்: மலையகத்தில் குடியுரிமையில்லாத தமிழர் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். 1974இல் இந்திராவோடு அந்த மிச்சத்தையும் 75,000 படி பிரித்தார்கள். இரண்டு பெண்கள் இருந்து பிரித்த கணக்கு என்பதால் பிரிபட்டவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. கடைசியில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல்: மருத்துவத்துக்குத் தமிழ்மொழிப் பிள்ளைக்கு 250 புள்ளி, சிங்களமொழிப் பிள்ளைக்கு 229. பக்கத்து விஞ்ஞான வகுப்பு முழுக்க அந்த 21 புள்ளியைத்தான் அப்போது கதைத்தது.

வரவுப் பக்கத்தை நிரப்பச் சொன்னபோது வகுப்பு முறுமுறுத்தது. ரீச்சர் விடவில்லை. காணி உச்சவரம்பு 1972, ஆளுக்கு 50 ஏக்கர், வயல் என்றால் 25. அவவின் சொந்தக் குடும்பமும் பெரிய காணிக் குடும்பம், அதுவும் தப்பவில்லை. 1974 ஒக்ரோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம், திறக்க வந்ததும் அவதான். பிறகு இறக்குமதித் தடை. பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்றவர்கள் அதைச் செலவில் எழுதச் சொன்னோம். "வெங்காயம், மிளகாய் செய்யிறவையின்ரை பிள்ளையள் கையை உயர்த்துங்கோ" என்றா. அரைவாசி வகுப்பு. இந்தியாவிலிருந்து செத்தல் (காய்ந்த மிளகாய்) வராததால் கிளிநொச்சி, வவுனியா வரை காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள். துலா மிதித்த கிணறுகளுக்கு இறைப்பு மெசின் வந்தது. ஓலைப்பாயில் பரவிய மிளகாய்ப் பழம் காய்ந்து முடியமுன் ஒரு மழை பட்டால் போதும், நிறம் வெளுத்து, பூஞ்சணம் பிடித்து, விலை பாதியாகும். அதனால் வீட்டில் யாராவது ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்தக் காசில் கல்வீடு கட்டியவர்கள் இதை வாசிக்கிறவர்களில் பலர்.

1960 டிசெம்பர் 1, உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்ததை எந்த நிரலில் எழுதுவது என்று ரீச்சரே தீர்மானிக்கவில்லை. அவவின் சொந்தச் சம்பளம் அதோடு சம்பந்தப்பட்டது. இரண்டு நிரலுக்கும் நடுக்கோட்டில் எழுதச் சொன்னா.

தரப்படுத்தலில் தடுக்கப்பட்டவர்களின் லண்டன் விமானச் சீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஒன்றுகூடல்களில் யாரும் கேட்பதில்லை. பல வீடுகளில் அது செத்தல் மிளகாய்க் காசு. செலவு நிரலில் இருந்தது போகச் சொன்னது, வரவு நிரலில் இருந்தது சீட்டு எடுத்துக் கொடுத்தது. போனவர்கள் தம்பிமாரை எடுத்தார்கள், தம்பிமார் எங்களை எடுத்தார்கள். திரும்பி வந்து படிப்பிப்பேன் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனவர்கள் எங்கள் வருடத்தில் மட்டும் ஐந்து பேர். ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

கொப்பி பெட்டியில் இருந்தது. பெட்டி வீட்டில் இருந்தது. வீடு 1995 இடப்பெயர்வோடு போயிற்று. அந்த அரைப் பக்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

1977 தேர்தலில் 168 இடங்களில் கட்சிக்கு 8. அத்தனகல்லை மட்டும் அவவைக் கைவிடவில்லை. இறக்குமதி திறக்க, எங்கள் செத்தலும் விலை இழந்தது. 1980 ஒக்ரோபர் 16 அவவின் குடியியல் உரிமைகள் ஏழு வருடத்துக்குப் பறிப்பு, பாராளுமன்ற ஆசனமும் போயிற்று. காட்டிய காரணங்களில் ஒன்று, 1975இல் முடியவேண்டிய பாராளுமன்றத்தை 1977வரை இழுத்தது. 1986 யனவரியில் உரிமை திரும்பியது. 1988 டிசெம்பர் சனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு 50.43 வீதம், அவவுக்கு 44.95. 1994 நவம்பர் 12 மகள் சந்திரிகா சனாதிபதி. இரண்டு நாள் கழித்துத் தாய் மூன்றாம் தரம் பிரதமர், நியமித்தது மகள். 1978 யாப்புக்குப் பின் பிரதமர் கதிரைக்குப் பெயர் பழையது, அதிகாரம் சனாதிபதியிடம். ரீச்சர் இருந்திருந்தால் இந்த இடத்தில் லீலாவதியின் காசைக் கீறியிருப்பா.

2000 ஓகஸ்ட் 10 பதவி விலகினா. ஒக்ரோபர் 10 பொதுத்தேர்தல். அத்தனகல்லையில் வாக்குப் போட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் வழியில், கடவத்தையில், மாரடைப்பு. வயது 84. அடக்கம் ஹொரகொல்லையில், கணவருக்குப் பக்கத்தில்.

ரீச்சர், அந்த முறை அவ தேர்தலில் நிற்கவில்லை. சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.