தூறலில் மட்டும் நிற்கும் வண்டி: மோரிஸ் மைனர் காயில் வேலை

அப்பாரு ஓட்டிய 1955 மாடல் மோரிஸ் மைனர் எங்கள் தோப்புச் சாளையில் நிற்கிறது. 803 சிசி இன்ஜின். சித்திரை வெயிலில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு முனகாமல் போய்வரும். ஆனி பிறந்து, கணவாய்க் காற்றோடு சாரல் இறங்கிவிட்டால் மட்டும் ஆழியாறு போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

பெட்ரோல் அடைப்பு என்றார்கள், கார்பரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவியாயிற்று. கண்டன்சரையும், பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் பிளாட்டினத்தையும் மாற்றியாயிற்று. கடைசியில்தான் எல்லோரும் காயிலை, அதாவது பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றிப் பிளக்கில் பொறி விடும் டப்பாவைக் கைகாட்டினார்கள். கடையில் புதுக் காயில் கிடைக்கும், அரை மணி நேர வேலை. எனக்குத்தான் மனசு வரவில்லை. எழுபது வருஷம் டைனமோ முதுகில் உட்கார்ந்து வந்த டப்பா அது. செத்துவிட்டது என்று நிரூபணம் ஆகாமல் தூக்கி எறிய மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

முதலில் மீட்டர். பேட்டரி கரண்ட் ஓடும் பிரைமரி சுற்று 3.4 ஓம். பொறி ஒயர் மாட்டும் நடுக் கழுத்திலிருந்து பிளாட்டினத்துக்கான சி.பி. முனைக்கு, அதாவது வோல்ட்டை ஏற்றும் செகண்டரி சுற்று, 6,100 ஓம். 12 வோல்ட் காயிலுக்கு இரண்டுமே நல்ல கணக்கு. சரி, உள்ளே கம்பி அறவில்லை. ஆனால் மீட்டர் கொடுப்பது அதிலிருக்கும் சின்ன பேட்டரியின் கரண்ட். வண்டி ஓடும்போது இதே கழுத்தில் பதினைந்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். குழாயில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து, மோட்டார் போட்டாலும் ஒழுகாது என்று சொல்கிற கதைதான்.

அடுத்த ஞாயிறு, போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணன் ஒருவர் கடைக்குப் போனேன். அவரிடம் 500 வோல்ட் விட்டு லீக் பார்க்கும் மெகர் இருக்கிறது. டப்பாவுக்கும் முனைகளுக்கும் வைத்துச் சுற்றினார். முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது, லீக் இல்லை. கையோடு, ஹாக்சாவால் அறுத்துப் பார்த்த ஒரு செத்த காயிலையும் கொண்டுபோயிருந்தேன். நடுவில் இரும்புத் தகடுகள், அதன்மேல் வரிசைக்கு வரிசை காகிதம் வைத்து ஆயிரக்கணக்கில் சுற்றிய செகண்டரி, அதற்கு வெளியே சில நூறு சுற்று தடித்த பிரைமரி, சுற்றிலும் கறுப்புத் தார். அதிகம் சூடாவது பிரைமரி என்பதால்தான் அதை டப்பாவை ஒட்டி வெளியே வைத்திருக்கிறார்கள். அண்ணன் செகண்டரியை நகத்தால் நெருடிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, இது மசுராட்ட இருக்குதுங். இதைக் கட்டறதெல்லாம் நம்மால ஆகாதுங்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரெல்லாம் மோட்டார் காயில் கட்டுகிற கொங்கு நாட்டிலேயே இதைக் கட்ட ஆளில்லை என்றால், உள்ளே பழுது இருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அப்புறம்தான் புத்தி வந்தது: நிற்பது சாரலில். அப்படியானால் சோதனையையும் சாரலில்தானே செய்ய வேண்டும்?

பிளாட்டினம் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பலகையில் இறுக்கி, தண்டை பேட்டரி டிரில்லால் சுற்றவிட்டேன். பக்கத்திலேயே காயில், 12 வோல்ட் பேட்டரி, பொறி பாய இரண்டு ஆணி. ஆணிகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் விட்டபோது நல்ல நீலப்பொறி, சடசடவென்று. இருபது நிமிஷம் ஓட்டிக் காயில் சுட்ட பிறகும் குறையவில்லை. இடைவெளியை 8 ஆக்கினேன். வண்டி மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படும். அதற்குப் பதிலாக இது. அப்போதும் தாண்டியது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலால் காயில் தலையில் ஒரே ஒரு பீச்சு. சாளை விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி ஒயரை மாட்டி டிரில்லை அழுத்தினேன்.

ஆணியில் ஒன்றுமில்லை. கறுப்பு பேக்கலைட் கழுத்திலிருந்து சி.பி. முனைக்கு நீல நூல் ஒன்று புழுப் போல நெளிந்துகொண்டிருந்தது.

பகலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதே இடத்தில் பென்சில் கீறல் மாதிரி ஒரு கோடு. கரிக்கோடு. மீட்டருக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கோடு ஓடுவது கழுத்துக்கும் சி.பி. முனைக்கும் நடுவில், அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் 6,100 ஓம் செகண்டரியும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் லட்சக்கணக்கான ஓம் உள்ள ஒரு கரிக்கோடு ஒட்டிக்கொண்டால் மீட்டரில் அசைவே இருக்காது. மெகர் பார்த்தது டப்பாவை, கோடு டப்பா பக்கமே போகவில்லை. வண்டியிலோ காயில் நேர் முன்னால் ஃபேன். கிரில் வழியாகச் சாரலை இழுத்து இதன் தலையில் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கரி எங்கிருந்து வந்தது? கழுத்தில் எச்.டி. ஒயரை (பொறி போகும் உயர் வோல்ட் ஒயரை)ப் பிடிக்கும் திருகு மூடியைக் கழற்றினேன். இந்த மாடலில் ஒயரின் செம்பு இழைகளை ஒரு பித்தளை வாஷரின் துளையில் விட்டு, விரித்து மடக்கி வைத்திருப்பார்கள். வாஷர் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஏழு இழையில் மூன்றுதான் மிச்சம். தொடாத இடத்தில் பொறி தாண்டித் தாண்டி உள்ளேயே சுட்டுக் கரியாக்கியிருக்கிறது.

வேலை பெரிதல்ல, பொறுமைதான். கறுப்புத் தடம் முழுசாகப் போகும் வரை பிளேடு முனையால் சுரண்டினேன். மேலே துடைத்தால் போதாது, கொஞ்சம் கரி மிச்சமிருந்தாலும் பொறிக்கு அதுவே வழி. தின்னரில் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பள்ளத்தில் அரால்டைட் நிரப்பி, மறுநாள் நீர்க்காகிதத்தில் தேய்த்து, அதன்மேல் மோட்டார் கடை சிவப்பு வார்னிஷ் இரண்டு கோட். புது செம்பு ஒயர், புது வாஷர், கழுத்துக்கு ரப்பர் தொப்பி. மறுபடி தண்ணீர் பீச்சியபோது, 8 மில்லிமீட்டரிலும் பொறி ஆணியில்தான் விழுந்தது.

வண்டியில் மாட்டும்போது நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று பொறித்திருக்கிறது, ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று பிளாட்டினத்துக்கு. அப்படியே மாட்டினேன். ஓடியது, ஆனால் மேட்டில் விக்கியது. இந்த வண்டி வந்தபோது பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருந்தது. பின்னால் யாரோ கேசட் பிளேயர் வைப்பதற்காக நெகட்டிவ் எர்த் ஆக்கிவிட்டார்கள். அதனால் பொறித்த எழுத்துப்படி மாட்டினால் பொறி தலைகீழாகும். பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருக்க வேண்டும்; சூடான அந்த முனையிலிருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும், குறைந்த வோல்ட்டில் பொறி பாயும். பென்சிலை வைத்துப் பார்த்தேன். பிளக் ஒயருக்கும் பிளக் தலைக்கும் நடுவில் பென்சில் முனையைக் காட்டினால், பொறி பிளக் பக்கம் விரிந்து எரிய வேண்டும். எனக்கு ஒயர் பக்கம் விரிந்தது. இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. (பென்சிலை உலர்ந்த மரக்கவ்வியில் பிடியுங்கள். முதல் தடவை நான் விரலால் பிடித்தேன், தோள்வரை அடித்தது.)

போன சனிக்கிழமை நல்ல சாரல். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுவரை ஏற்றினேன். இரண்டாவது கியரிலேயே முக்கால்வாசி. வளைவில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். காயில் முழுக்க நீர்த்துளி, கையை வைக்க முடியாத சூடு. சாவியைப் போட்டதும் பிடித்துக்கொண்டது.

இறங்கும்போது வைப்பர் நின்றுவிட்டது. ஆழியாறு வரை கண்ணாடியை மனைவிதான் ஜன்னல் வழியாகக் கை நீட்டித் துடைத்துக்கொண்டு வந்தாள்.