வீடு மாறியபின் காரின் காப்புறுதியை மாற்றிய அனுபவம்

மனைவிக்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு மாற்றல் கிடைத்து, சிலாங்கூரின் கிள்ளானிலிருந்து பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் குடியிருப்புக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, எங்கள் மைவி காரின் காப்புறுதி முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. முகவரை அழைத்து முகவரி மாறியதைச் சொன்னதும், "புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் அண்ணே, இப்போது எதற்கு வீண் அலைச்சல்?" என்றார். ஒரு காலத்தில் அது நியாயமான பதிலாகவே இருந்திருக்கும். ஏனெனில், தீபகற்ப மலேசியாவுக்குள் எங்கே குடியிருந்தாலும் எஞ்சின் கொள்ளளவையும் காரின் மதிப்பையும் வைத்து ஒரே கட்டண அட்டவணைப்படிதான் பிரீமியம் கணக்கிடப்பட்டது. 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கான கட்டணத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. கார் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் சேரலாம். ஆகவே முகவருக்காகக் காத்திராமல் நிறுவனத்துக்கு நானே மின்னஞ்சல் அனுப்பினேன்.

அதற்கு முன்பே தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு என்னும் அடையாள அட்டையின் முகவரியை மாற்றி வைத்திருந்தது வசதியாகப் போயிற்று, ஏனெனில் நிறுவனம் முதலில் கேட்டது அதைத்தான். அடுத்து வந்த கேள்விகள் கடித முகவரியைப் பற்றியவை அல்ல. இரவில் கார் எங்கே நிற்கிறது, கூரையும் கதவும் உண்டா, வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேட்டார்கள். இங்கு வந்தபின் என் மைத்துனர் அடிக்கடி காரை எடுத்துக்கொண்டு தெலுக் இந்தான் போய்வருகிறார். காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டில் முதல் 400 ரிங்கிட்டை நாம்தான் ஏற்க வேண்டும் என்ற விதி எங்கள் பத்திரத்தில் இருந்ததால், அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

சிக்கல் முகவரியில்தான் வந்தது. தோட்டத்து வீட்டுக்குச் சாலைப் பெயர் ஏது? தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் தோட்ட அலுவலகத்தில் போட்டுவிட்டுப் போவார். அங்குள்ள எழுத்தரான கிராணியார்தான் பிரித்துக் கொடுப்பார். நிறுவனத்தின் படிவமோ சாலைப் பெயர் இல்லாமல் நகர மறுத்தது. கடைசியில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், 36400 என்ற அஞ்சல் எண் ஆகியவற்றைக் கார் நிற்கும் இடமாகவும், அலுவலகத்தைக் கடித முகவரியாகவும் தனித்தனியே பதிந்துகொண்டார்கள்.

உண்மையில் நான் அதிகம் யோசித்தது, இந்த ஊருக்கு எந்தப் பாதுகாப்பு தேவை என்பதைப் பற்றித்தான். கிள்ளானில் அடுக்குமாடியின் மேல்தளத்தில் கார் நின்றது. இங்கே பெர்ணம் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் நிற்கிறது. முழுக் காப்புறுதி என்ற பெயரை நம்பி வெள்ளமும் அதில் அடக்கம் என்று நினைப்பவர்கள் பலர். சிறப்பு இடர்களுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் பொதுவாக வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கும். எஞ்சிய மாதங்களுக்கு மட்டும் கட்டணம் கணக்கிட்டு அதைச் சேர்த்தார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் செம்மண் சாலையில் போகிறவனுக்கு முன்கண்ணாடிப் பாதுகாப்பும் ஆடம்பரம் அல்ல. கண்ணாடியின் 1,000 ரிங்கிட் மதிப்புக்குக் கட்டணம் 15 விழுக்காடு, அதாவது 150 ரிங்கிட். அதில் இழப்பீடு கோரினாலும் என் 55 விழுக்காட்டுக் கோரிக்கையில்லாத் தள்ளுபடி, அதாவது இழப்பீடு கோராமல் இருந்ததற்குக் கிடைக்கும் கட்டணக் கழிவு, குறையாது. கண்ணாடியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். மூலையில் பழைய சாலை வரி ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பைக் கண்டு விரிசலோ என்று சந்தேகப்பட்டு, இன்னும் நெருக்கமாக எடுத்து அனுப்பும்படி கேட்டார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து அந்த ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை என்றதும் ஆசையாகச் சுரண்டியெடுத்த பலரில் நானும் ஒருவன்.

திருத்தக் கடிதம் வந்தபோது கடித முகவரி சரியாக இருந்தது. கார் நிற்கும் மாநிலம் மட்டும் சிலாங்கூர் என்றே கிடந்தது. பேராக் என்று மாற்றிய புதுக் கடிதம் கைக்கு வரும்வரை நான் விடவில்லை. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி, காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் திருத்தும்போதும் தவறான விவரம் தராதிருக்க நியாயமான கவனம் காட்டும் கடமை நம்முடையது. நாம் சரியாகச் சொன்னோம் என்பதற்கு நாளை தொலைபேசி உரையாடல் சாட்சிக்கு வராது. எனவே மின்னஞ்சல்களையெல்லாம் அந்தக் கடிதத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றியதால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவு தானாக மாறிவிடாது. சம்மன்கள் அந்தப் பதிவிலுள்ள முகவரிக்கே போகும் என்பதால் அதையும் தனியே மாற்றினேன். கார்க் கடன் இன்னும் முடியாததால் வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்.