மறைந்த தோட்டமும் மறையாத மாயையும்: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆடி வெள்ளி

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குச் செல்லும் பழைய சாலையில் இருக்கும் சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்து, அந்தத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்ட பின்னரும் தன் கோயில்களைக் கைவிடாத ஊர். ஊருக்கு வெளியே, ஒரு பழைய தோட்டத்தில் வீற்றிருக்கும் மாரியம்மனை வழிபட ஆடி வெள்ளியன்று சென்றிருந்தேன். குறிப்பாக வேண்டுதல் எதுவும் இல்லை. காணும் இந்த உலகம் உள்பொருளா, வெறும் தோற்றமா என்ற வினா, சைவ சித்தாந்த நூல்களைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து என் மனத்தில் இருந்துவருகிறது. ஓர் உலகமே மறைந்துபோன இடத்தில் நின்று அதை நினைத்துப் பார்க்க விரும்பினேன்.

மறைந்துபோன இடம் என்பது மிகையன்று. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் வரிசையாக நின்ற மேட்டில் இன்று செம்பனை நிற்கிறது. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களமும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையும், ரப்பர்ப் பாலை எடைபோட்ட ஸ்டோரும் எங்கே இருந்தன என்பதை அங்கே பிறந்தவர்கள் கைநீட்டிக் காட்டினால்தான் தெரிகிறது. ஆயினும் ஆடி பிறந்தால், ஈப்போவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வாழும் பிள்ளைகள் பால்குடம் எடுப்பதற்கு இங்கேதான் வருகிறார்கள். வேப்பிலைத் தோரணத்தின் கீழே கூழ் கொதித்துக்கொண்டிருக்க, அம்மனுக்கு மஞ்சளும் பாலும் இளநீரும் சந்தனமும் ஒன்றன்பின் ஒன்றாக அபிடேகமாகி வழிந்தன. ஒவ்வொரு முறையும் தெரிந்த திருமேனி மாறி மாறித் தோன்றியது. இவற்றில் எது அவள் மெய்யுருவம் என்று கேட்கத் தோன்றாதபடி எல்லாமே அவளாக இருந்தன.

பூசைக்குப் பின் மண்டபத்தில் ஒரு பெரியவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. இளமையில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்து, வாழ்ந்தவர். இப்போது அங்கேயே பிள்ளைகளுக்குச் சித்தாந்த வகுப்பு எடுக்கிறார். சங்கரர் உலகைப் பொய் என்றதாக நான் தொடங்கியபோது அவர் உடனே தடுத்து, மாற்றார் கொள்கையை அவர்கள் சொன்னபடியே முதலில் சொல்லிவிட வேண்டும் என்றார். அவர் சொன்னது சரியே. கயிற்றில் தோன்றிய பாம்பு கயிற்றை அறிந்ததும் நீங்குவதுபோல, பிரமத்தை அறிந்த நிலையில் உலகத் தோற்றம் நீங்கும் என்பதே அத்வைதம்; அந்த அறிவு வரும்வரை உலகத்துக்கு வியாவகாரிக உண்மை, அதாவது நடைமுறை அளவிலான உண்மை, உண்டு என்பதைச் சங்கர மரபு மறுக்கவில்லை. பௌத்தரில் யோகாசாரர், அறிவுக்குப் புறம்பாகப் பொருளே இல்லை என்றனர். மாத்தியமிகர், எதற்கும் தனக்கெனச் சொந்த இயல்பு கிடையாது என்றனர். உலகாயதரோ, கண்ணுக்குத் தெரிவதற்கு அப்பால் எதையும் ஏற்கவில்லை. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தில் இவர்களை உள்ளிட்ட 14 கொள்கைகளை, மறுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துரைத்திருக்கிறார். வாதத்தில் இத்தகைய நேர்மை இருப்பதாலேயே அந்த நூலின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அருணந்தியாரின் ஆசிரியர், 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார். அவருடைய சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆனது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது என்பதிலிருந்துதான் முதல் நூற்பா தொடங்குகிறது. ஒடுங்குதல் என்பது இல்லாமற்போதல் அன்று. காரணத்துக்குள் திரும்பிச் சென்று நுண்ணிய நிலையில் இருத்தல். உள்ளது போகாது, இல்லது வாராது என்னும் இந்தச் சற்காரியவாதத்தைப் பெரியவர் தம் தொழிலை வைத்தே விளக்கினார்.

“பால் இல்லாமல் ரப்பர்த் தகடு வருமா, தம்பி? ஆசிட் ஊற்றினால் பால் உறையும். தண்ணீரில் ஆசிட் ஊற்றினால் உறையுமா? தகடு பாலுக்குள்ளேயே இருந்ததனால்தான் வந்தது. பால் முதற்காரணம். உளியும் உருளையும் துணைக்காரணம். இரண்டும் தாமாக எழுந்து வேலை செய்யமாட்டா. விடிவதற்கு முன்னால் எழுந்து போகிற ஓர் ஆள் வேண்டும், அவன் நிமித்தகாரணம்.”

உலகுக்கு மாயை (சித்தாந்தத்தில் இது பொய்த்தோற்றம் அன்று, உலகு தோன்றும் மூலப்பொருள்) முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் என்று நூலில் பலமுறை படித்திருக்கிறேன். மூலப்பகுதியே (பிரகிருதியே) தானாக விரிந்து உலகாகும் என்ற, இறைவனை ஏற்காத நிரீச்சுர சாங்கியரிடமிருந்து சித்தாந்தம் எந்த இடத்தில் பிரிகிறது என்பது, அந்த ‘ஓர் ஆள்’ என்ற சொல்லில்தான் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது. சாங்கியரும் சற்காரியவாதிகளே. ஆனால் அறிவற்ற பொருளை ஒரு நோக்கத்தோடு தொழிற்படுத்த அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பதை அவர்கள் கொள்ளவில்லை.

அந்த நோக்கம் என்ன என்பதற்குச் சித்தாந்தம் தரும் விடையை நான் மனமார ஏற்கிறேன். உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்ச்சிப் பொருள்களும், அறிவை மறைக்கும் ஆணவ மலத்தில் கட்டுண்ட உயிர் வினையை நுகர்ந்து பக்குவப்படுவதற்காகத் தரப்பட்டவை. அவை பொய்யானால் பக்குவமும் பொய்யாகிவிடும். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதே மரக்கன்றுகளின் வழியில் வந்த காடுகளில்தான் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பத்துப் பத்து வெள்ளியாகத் (மலாயா டாலராகத்) தங்கள் கூலியிலிருந்து கொடுத்தவர்களும் அவர்களே. அந்த உழைப்பையும் இழப்பையும் கயிற்றரவு என்று வகுக்க, அத்வைதத்தின் நுட்பத்தை மதித்தும், என் உள்ளம் இசையவில்லை. மாறியது என்று சொல்வேன். இருந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஓர் ஐயம் மட்டும் மீந்திருந்தது. இறைவன் நிமித்தகாரணன் என்றால், அவன் தோட்டத்துக்கு வெளியே பங்களாவில் இருந்துகொண்டு வேலை வாங்கும் துரையைப் போன்றவன்தானே, ஐயா, என்று கேட்டேன். அப்படி ஒருவன் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இரண்டாம் நூற்பா ‘அவையே தானேயாய்’ என்று தொடங்குகிறது என்றார் பெரியவர். கலப்பினால் உயிர்களோடு ஒன்றாகவும், பொருள்தன்மையால் வேறாகவும், அவற்றை அறிவித்தும் இயக்கியும் துணைநிற்பதால் உடனாகவும் இருப்பவன் சிவன். ஒன்றாதலை மட்டும் எடுத்தால் சங்கரரின் பக்கமும், வேறாதலை மட்டும் எடுத்தால் துவைதம் கண்ட மத்துவரின் பக்கமும் சாய்ந்துவிடுவோம். மூன்றையும் ஒருசேரக் கொள்வதே மெய்கண்டார் கண்ட அத்துவிதம். மூன்றில் ‘உடனாய்’ என்பதை விளக்கவே தனியாக ஒரு மாலை வேண்டும் என்ற பெரியவர், வரும் சனிக்கிழமை வகுப்பில் அதைத்தான் எடுக்கப்போவதாகச் சொன்னார். நானும் வருவதாகக் கூறி, பிரசாதக் கூழை வாங்கிக்கொண்டு விடைபெற்றேன்.