வெள்ளையன் முட்டையிட்ட கதை

முதல் நாள்: டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு புறா ஒடுங்கிக் கிடந்தது. எதிரே பூனை. புறா தூய வெள்ளை. வலது சிறகின் நீண்ட இறகுகளை யாரோ ஒரே வரிசையாகக் கத்தரித்திருந்தார்கள். அப்படியானால் வளர்ப்புப் புறாதான். சமையலறைத் தராசில் 228 கிராம். நெஞ்செலும்பு கத்திமுனை போலக் கையில் குத்தியது. எச்சம் பச்சைத் தண்ணீர். பல வேளை பட்டினி என்று பொருள்.

பசிக்கிறதே என்று உடனே கம்பை அள்ளிப் போடக்கூடாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் தீனி. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். முன்பு ஒரு மைனாவின் வாயில் தண்ணீர் ஊற்றி, அது மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துப்போனது. இந்த முறை அலகை நனைத்ததோடு நிறுத்தினேன். புறா தலையைத் தூக்காமல் மாடு போல உறிஞ்சிக் குடித்தது.

இடது கால் விரல்களில் தலைமுடியும் நூலும் இறுகிக் கிடந்தன. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சின்னக் கத்தரியால் ஒவ்வோர் இழையாக வெட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு விரல் நுனி கறுத்துவிட்டிருந்தது. பதினோராம் நாள் அது தானாகவே உதிர்ந்தது.

மூன்றாம் நாள்: வாய்க்குள் மஞ்சள் திட்டு. புறாக்களுக்கு அடிக்கடி வரும் ஒட்டுண்ணி நோய் என்றார் கால்நடை மருத்துவர். எடைக்கேற்ப மருந்து எழுதிக் கொடுத்தார். தொண்டை வலியால் அது கொத்தித் தின்னவில்லை. ஊறவைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக நாக்குக்குப் பின்னால் வைத்து விழுங்கவைத்தேன். இரவில் புடைத்த தீனிப்பை காலையில் வற்றியிருந்தால் எனக்கு நிம்மதி.

இருபதாம் நாள் 305 கிராம். கம்பு, கோதுமை, பச்சைப்பயறு எல்லாவற்றையும் தானாகவே தின்றது. என் கையைக் கண்டால் சிறகால் ஓர் அறை. இந்த மிடுக்குக்கு ஆண்தான் என்று முடிவுகட்டி ‘வெள்ளையன்’ என்று பெயர் வைத்தேன்.

நாற்பதாம் நாள் வெள்ளையன் முட்டையிட்டான். ஒருநாள் விட்டு இன்னொன்று. சேவல் இல்லாத கோழி போல, ஜோடி இல்லாமலும் பெண் புறா முட்டையிடும், குஞ்சு வராது. எடுத்துவிட்டால் மறுபடி இட்டு உடம்பின் சுண்ணாம்புச் சத்தை இழக்கும் என்பதால் விட்டுவைத்தேன். முட்டை ஓட்டுத்தூள் கொடுத்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து சலித்துத் தானே எழுந்தது.

இதற்கிடையே கேட்டு வந்தவர்கள் மூவர். ஒருவருக்குத் திறப்பு விழாவில் பறக்கவிட வேண்டுமாம். மொட்டை மாடியிலேயே வல்லூறு வட்டமிடுகிறது; இரை தேடப் பழகாத வெள்ளைப் பறவையை வானில் விடுவது எந்த ஊர்ச் சமாதானமோ! அடுத்தவர் பக்கவாதத்துக்குப் புறாக்கறி நல்லது என்று பேச்சைத் தொடங்கியதுமே காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாமவரிடம் துணையை இழந்த ஆண் புறா இருந்தது. கூண்டைப் போய்ப் பார்த்தேன்: பூனை நுழையாத சிறுகண் வலை, உலர்ந்த தரை, வெயில் படும் மூலை.

அறுபத்துநான்காம் நாள் ஒப்படைத்தேன். வெட்டிய இறகு உதிர்ந்தால்தான் புதியது முளைக்கும். அதுவரை இரண்டு முழம்தான் பறக்கும் என்று சொன்னேன். பெயர் கேட்டார். வெள்ளையன் என்றேன். பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தவர், “வாடி வெள்ளையம்மா” என்றார்.