ஒரு ஏ4 தாள் அளவு இடம்

நாய்க்குட்டி படம் போட்டால் ஆயிரம் லைக் விழுகிறது, முட்டைக் கோழியைப் பற்றி எழுதினால் நாலு பேர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. கோபமெல்லாம் இல்லை, நானும் நாய்க்குட்டிக்கு லைக் போடுகிற ஆள்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய கம்பிக் கூண்டுகளில் ஒரு கோழிக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியிருந்த குறைந்தபட்ச இடமே 550 சதுர செ.மீ.தான், அதாவது ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு, அதற்குள் இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட ஒரு மறைவிடம்கூடக் கிடையாது. 1965இலேயே பிரிட்டனில் அரசு அமைத்த பிராம்பெல் குழு, பண்ணை விலங்குக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்துகொள்ள, கைகாலை நீட்ட இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கேட்டதே அவ்வளவுதான்! அந்தக் கம்பிக் கூண்டைத் தடை செய்ய ஒன்றியம் 1999இல் சட்டம் போட்டு, தடை முழுசாக அமலுக்கு வந்தது 2012இல். அப்போதும் கொஞ்சம் பெரிய கூண்டுக்கு அனுமதி உண்டு, ஒரு கோழிக்கு 750 சதுர செ.மீ.

விலங்குகளுக்காகப் பிரச்சாரம் செய்கிறவர்கள் கோழி அறுக்கும் காணொளிகளையே திரும்பத் திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். பதிலாக ஒரு ஏ4 தாளைத் தரையில் போட்டுக் காட்டுங்கள், அது போதும்.

அப்புறம் காட்டு விலங்கு. புலிக்குட்டியை மடியில் வைத்து செல்ஃபி எடுக்கும் இடங்களில், அந்தக் குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்திருப்பார்கள். அந்தப் படங்களுக்கு மட்டும் லைக் போடாதீர்கள், ப்ளீஸ்.