விஸ்கியா, காபியா?

நான் வசிக்கும் அமெரிக்க மாநிலத்தில் மாநிலப் பறவை எது, மாநிலப் பூ எது என்று சட்டம் உண்டு, மாநில நாட்டுப்பாடலுக்கு இல்லை. எங்கள் பாட்டுக் குழுவினர் ஆறு பேரும் ஒரு பழைய படகுப் பாட்டுக்கு அந்த இடத்தை வாங்கித் தரக் கிளம்பினோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஓர் அரசாணையோடு தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாகிவிட்டது. இங்கேயும் ஒரு மனு கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

போதாது. மசோதா வேண்டும், அதை அவையில் கொண்டுவர ஓர் உறுப்பினர் வேண்டும். பிடித்தோம். அவர் முதலில் கேட்டது, "இது யாருடைய பாட்டு?" அந்தப் பயம் நியாயமானது. கான்சாஸ் 1947இல் மாநிலப் பாடலாக்கிய 'ஹோம் ஆன் த ரேஞ்ச்' அதற்கு முன் ஊர்ப்பொதுப் பாட்டாகத்தான் உலவியது. 1934இல் ஒரு தம்பதி எங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் ஒருவர் மாநிலம் மாநிலமாக அலைந்து, 1870களில் கான்சாஸில் இருந்த பிரூஸ்டர் ஹிக்லி என்ற மருத்துவரின் கவிதையே மூலம் என்று கண்டுபிடித்தார்.

நாங்களும் நான்கு மாதம் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினோம். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. பாட்டைப் பெற்றவர் யார் என்று தெரியாததில் மகிழ்ந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அடுத்தது சட்டமன்றக் குழுவின் விசாரணை. ஆளுக்கு இரண்டு நிமிடம். விளக்கு சிவந்தால் நிறுத்த வேண்டும். நான் பேசியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு எங்கள் குழுவின் மூத்த பாட்டி எழுந்து பாடினார். மூன்றாவது வரியில் படகோட்டி விஸ்கி கேட்டான். மசோதாவோடு இணைத்திருந்த பள்ளிப் புத்தகப் பிரதியில் அவன் கேட்டது காபி. தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இதில் எதற்கு நான் வாக்களிக்க வேண்டும்?" என்றார். அறையே சிரித்தது. மசோதா அந்த ஆண்டு கிடப்பில் போனது.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மனோன்மணீயத்தின் எந்த வரிகளை விட்டோம், ஏன் விட்டோம் என்று இன்றும் வாதாடும் ஊரிலிருந்து போனவன் நான். இந்தக் கேள்வி வரும் என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? நாட்டுப்பாடல் வாய்க்கு வாய் மாறும். சட்டப் புத்தகத்துக்கு ஒரே பாடம்தான் வேண்டும்.

மறு ஆண்டு சொற்களையே எடுத்துவிட்டோம். மசோதாவில் பாட்டின் தலைப்பு மட்டும். ஒருவரும் எதிர்க்கவில்லை, இரண்டு அவைகளும் நிறைவேற்றின. இங்கே ஆளுநர் மசோதாவை இழுப்பறையில் வைத்துப் பூட்ட முடியாது, நாள் கணக்கு உண்டு. கையெழுத்திட்டார்.

பத்து நாளில் முதல் கடிதம் வந்தது. ஆற்றின் மேற்கரையிலிருந்து ஒருவர், மூன்று பக்கம்: தலைப்பே தவறாம், அவர் தாத்தா வேறு பெயரில்தான் பாடுவாராம்.